நடுநாட்டு ஊர்கள் – 9: ஊர் கொடுத்த ஊர்கள்

போன வாரம் பார்த்த கடலூருக்கு மூலம் கடல். அங்கிருந்து மேற்கே வந்தால் நெய்வேலி. இந்த ஊருக்கு மூலம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது.

சென்னை–கும்பகோணம் சாலையில் பண்ருட்டியைத் தாண்டியதும் செம்மண், முந்திரி, பலா. ஆர்ச் கேட்டில் திரும்பி டவுன்ஷிப்புக்குள் நுழைந்தால் காட்சியே மாறிவிடும். நேர்கோடு பிடித்தாற்போலச் சாலைகள், தலைக்கு மேல் மர நிழல், தோட்டம் வைத்த குவார்ட்டர்ஸ். இங்கே குடியிருப்புப் பகுதிக்கு 'வட்டம்' என்று பெயர். நெய்வேலிக்காரர்கள் இருவர் வெளியூரில் சந்தித்தால், "நீங்க எந்த வட்டம்?" என்றுதான் பேச்சே தொடங்கும். நாலா திசையிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்து, ஒரே மைதானத்தில் விளையாடி, ஷிப்ட் மாறும் நேரத்தை வைத்தே பொழுதைக் கணக்கிட்டு வளர்ந்தார்கள். ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சிக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால், இந்த ஊர் மனிதர்களை எப்படி வளர்த்திருக்கிறது என்பது புரியும்.

1930களில் இப்பகுதி நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. அவர் அதை அலட்சியமாக விட்டுவிடாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டுபோனார். 1956 நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். ஆனால் சுரங்கத்தில் நிலக்கரிப் படுகை கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான்.

இந்த நான்கு ஆண்டுகளை நாம் மறக்கக் கூடாது. நிலக்கரிப் படுகைக்கு மேலே கடலூர் மணற்கல், ஐம்பது மீட்டருக்கும் மேலான கனத்தில். படுகைக்குக் கீழேயோ அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும் ஊற்று நீர். மேல் மண்ணை அள்ள அள்ள, கீழிருக்கும் தண்ணீர் தரையைப் பிளந்துகொண்டு சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். அதனால் சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக இறைத்துக்கொண்டே வெட்டினார்கள். இன்றும் அப்படித்தான். மணற்கல்லைச் சுரண்ட வந்தவை, பெரிய சக்கரத்தில் வாளிகள் பூட்டிய ஜெர்மன் எந்திரங்கள். மின்நிலையம் கட்ட உதவியது சோவியத் நாடு. அந்த 600 மெகாவாட் முதல் அனல் மின்நிலையம் 2020இல் ஓய்வு பெறும்வரை தமிழ்நாட்டு வீடுகளுக்கு விளக்கேற்றியது.

இறைத்த தண்ணீர் வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் போய் வயல்களை நனைக்கிறது. அதே சமயம், ஒரு காலத்தில் தானாகப் பொங்கிய ஊற்றுகள் வற்றி, போர்வெல்லை மேலும் மேலும் ஆழமாக இறக்க வேண்டியிருக்கிறது என்று சுற்று வட்டார விவசாயிகள் குமுறுகிறார்கள். இரண்டும் உண்மை. முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைப்பது நியாயமல்ல.

2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் நடந்ததைத் தமிழகமே பார்த்தது. சுரங்கத்துக்காக வெட்டும் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்கென்று, நெல் நின்ற வயலுக்குள் எந்திரங்கள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டது என்றது நிறுவனம். சட்டப்படி அது சரியென்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் பயிர் விளைந்து அறுக்கும்வரை பொறுத்திருக்கலாம் என்று சொல்ல விவசாயியாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. நெய்வேலி நடராசர் கோயிலில் குறையை மனுவாக எழுதிப் பெட்டியில் போட்டு ஆராய்ச்சி மணியை அடிக்கும் வழக்கம் உண்டு. நிலம் கொடுத்துவிட்டு நிரந்தர வேலைக்குக் காத்திருக்கும் குடும்பங்களின் மனு அந்தப் பெட்டியோடு நின்றுவிடக் கூடாது.

நெய்வேலியைப் போலவே, எந்திரம் தந்த ஜெர்மனியிலும் பழுப்பு நிலக்கரி ஊர்களை விழுங்கியிருக்கிறது. அங்கே லவுசிட்ஸ் பகுதியில் மறைந்துபோன 130க்கும் மேற்பட்ட ஊர்களுக்கென்று 2006இல் ஓர் ஆவணக் காப்பகம் திறந்தார்கள். ஹோர்னோ என்ற கிராமத்தை இடித்தபின், அதன் மக்கள் குடியேறிய புதிய இடத்திலேயே அந்தக் காப்பகம் இருக்கிறது. நெய்வேலிக்கும் அப்படி ஒன்று வேண்டும். வட்டங்களுக்கு எண் இருக்கிறது. அவற்றுக்கு அடியில் இருந்த ஊர்களுக்குப் பெயர் இருந்தது. ஒவ்வொரு வட்டத்தின் முகப்பிலும் அந்தப் பெயரை எழுதி வைக்க நிறுவனத்துக்குப் பெரிய செலவாகாது.

வாசகர்களே, உங்கள் வீட்டில் நெய்வேலிக்கு நிலம் கொடுத்த பெரியவர் இருந்தால் இந்த வாரமே அவரிடம் உட்காருங்கள். ஊர்ப் பெயர், ஏரிப் பெயர், குலசாமி கோயில் நின்ற இடம், எல்லாவற்றையும் கேட்டு எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)