காணாத ஏடும் கணிப்பொறியும்

தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையத்தில் அரியதொரு புத்தகம் இருந்தது. சீகன்பால்கு தமிழில் மொழிபெயர்த்து, தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் 1715-ஆம் ஆண்டில் அச்சேறி முடிந்த புதிய ஏற்பாடு அது. 2005-ஆம் ஆண்டில் அப்புத்தகம் காணாமற் போயிற்று. இலண்டன் மாநகரத்துத் தொகுப்பொன்றின் இணையதளத்தில் அதன் சுவடு புலப்பட்டது 2022-ஆம் ஆண்டில்தான். பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அலமாரியில் நூல் இருப்பது வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கணிப்பொறிக்கு நிரல் எழுதப் புகும் மாணவர்கள் தொடக்கத்திலேயே உணர வேண்டுவதும் இதுவே. நிரலானது ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, "இதனைத் திறந்து தருக" என்று இயங்குதளத்தைக் கேட்கின்றது. கோப்பு அங்கே இல்லையாயின், இயங்குதளம் ஒரு பிழை எண்ணைத் திருப்பி அனுப்புகின்றது. யூனிக்ஸ் மரபில் அந்த எண் 2. பைத்தான் மொழி அதனை வாங்கி, 'ஃபைல் நாட் ஃபவுண்ட் எரர்' என்னும் விதிவிலக்காக எழுப்புகின்றது. இப்பெயர் 2012-இல் வெளிவந்த 3.3-ஆம் பதிப்பில்தான் தோன்றியது. எழும் விதிவிலக்கை ஏற்பார் இல்லையேல் நிரல் அவ்விடத்திலேயே நின்றுவிடும். 'ட்ரை' என்னும் பகுதிக்குள் கோப்பைத் திறக்க முயன்று, 'எக்ஸெப்ட்' என்னும் பகுதியில் அதனை ஏற்றுக்கொள்ளலாம்.

ஏற்றுக்கொள்வது எளிது. ஏற்றபின் செய்வது யாது என்பதில்தான் இடர்ப்பாடு எல்லாம் இருக்கின்றது. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை நாள்தோறும் ஒரு கோப்பிலிருந்து படித்து, டெல்டா உழவர்க்கு அறிவிக்கும் நிரலொன்றை நீங்கள் எழுதுவதாகக் கொள்வோம். அணையின் முழுக் கொள்மட்டம் 120 அடி. ஜூன் 12-ஆம் நாள் குறுவைக்காக அணை திறப்பது வழக்கம். அதற்குச் சில நாட்களுக்கு முன்னர், ஒரு காலையில் கோப்பு வந்து சேரவில்லை. அவசரக்கார மாணவர் ஒருவர், கோப்பு இல்லையேல் மட்டம் பூஜ்யம் என்று எழுதி வைத்திருக்கிறார். நிரல் நிற்காது, பிழைச் செய்தியும் தோன்றாது. ஆனால் அணை வறண்டது என்று அது சாதிக்கும்! அதனை நம்பியவர் நாற்றங்கால் விடத் தயங்குவார். பூஜ்யம் என்பது அளந்து கண்ட அளவு. 'இல்லை' என்பது அளவே கிடைக்காத நிலை. நேற்றைய மட்டத்தையே இன்றைக்கும் சொல்லிவிடலாமே எனின், அதுவும் தகாது. கர்நாடகத்தில் பெருமழை பெய்தால் ஒரே நாளில் மட்டம் பல அடி உயர்வதுண்டு. "இன்றைய குறிப்பு வரவில்லை, கடைசியாகக் கிடைத்தது இன்ன நாளில், இவ்வளவு" என்று உள்ளவாறு சொல்வதே நேர்மை. எழுத்தின் அளவு, திரையின் நிறம் போன்ற விருப்பங்களை வைத்திருக்கும் கோப்பாயின், ஓசையின்றி இயல்பு நிலையைக் கொள்வதில் குற்றமில்லை.

கோப்பு உள்ளதா என்று முன்னரே பார்த்துவிட்டுத் திறந்தால் ஆகாதா என்று சிலர் வினவுவர். அலமாரியில் நூலைக் கண்டு, சீட்டு எழுதித் திரும்புவதற்குள் வேறொருவர் அதனை எடுத்துச் சென்றிருக்கக் கூடுமன்றோ? ஆதலின் திறந்து பார்த்தலே தேர்வு. ஏற்பதும் அவ்வொரு விதிவிலக்கை மட்டுமே. படிக்க அனுமதியில்லாமை வேறு விதிவிலக்கு. கதவு பூட்டியிருப்பதை நூல் தொலைந்ததாகக் கருதலாகாது.

இன்னொன்று. கோப்பு கண்ணெதிரே இருக்கவும் 'இல்லை' என்று நிரல் சொல்வதுண்டு. பெரும்பாலும் அது நிரல் இருக்கும் அடைவில் தேடாமல், நிரலை இயக்கிய அடைவில் தேடிக்கொண்டிருக்கும். பிழைச் செய்தியில் முழுப் பாதையையும் அச்சிடுமாறு எழுதி வைத்தால், இதனை ஒரு நொடியில் கண்டுகொள்ளலாம்.