ஒரு சொல், பல ஒலி

நுழையும்முன்

பல மாநிலத்தவர் கூடி வாழும் நகரங்களில் ஆங்கிலம் பொதுமொழியாகப் பேசப்படுகிறது. ஆயினும் ஒரே ஆங்கிலச் சொல் ஒவ்வொருவர் வாயிலும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கிறது. இவ்வேறுபாடு எதனால் தோன்றுகிறது? இது பிழையா, இயல்பா? இவ்வினாக்களுக்கு இப்பாடம் விடை தருகிறது.

பெற்றோர் கூடும் நாள்

தில்லியில் உள்ள பள்ளி ஒன்றில் பெற்றோர் கூட்டம் நடைபெறுகிறது. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், வகுப்பாசிரியரிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருக்கிறார். அவர் மதுரையிலிருந்து வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. ‘எக்ஸாம்’ என்னும் சொல்லை அவர் ‘யெக்ஸாம்’ என்கிறார். ‘ஓன்லி’ என்பதை ‘வோன்லி’ என்கிறார். பின்வரிசையில் நிற்கும் மாணவர் இருவர் வாய்பொத்திச் சிரிக்கின்றனர். மாணவி தலைகுனிகிறாள்.

சிரித்தவருள் ஒருவன் சற்றுமுன் ‘ஸ்கூல்’ என்பதைச் ‘சகூல்’ என்று கூறியவன். மற்றொருத்தி ‘வெரி’ என்பதைப் ‘பெரி’ என்று கூறியவள். அதனை அவர்களே அறியார். இது கற்பனைக் காட்சிதான். எனினும் பல மொழியினர் சேர்ந்து பயிலும் எந்தப் பள்ளியிலும் நிகழக்கூடியது. அந்தத் தாயும் அவ்விரு மாணவரும் செய்தது ஒன்றே. மூவரும் ஆங்கிலச் சொல்லைத் தத்தம் தாய்மொழியின் ஒலி விதிப்படி உச்சரித்தனர்.

செவியும் நாவும் பழகும் காலம்

பிறந்த சில மாதங்கள் வரை குழந்தையானது பல மொழிகளின் ஒலி வேறுபாடுகளையும் பிரித்துணரும் ஆற்றலுடன் விளங்குகிறது. ஓராண்டு நிறையும் வேளையில், வீட்டில் கேட்கும் மொழியின் ஒலிகளில் அதன் செவி ஊன்றிவிடுகிறது. நாவும் இதழும் அவ்வொலிகளுக்கே பழகுகின்றன. பின்னர் வேறொரு மொழியைக் கற்கும்போது, புதிய ஒலியைப் பழகிய ஒலிகளுள் மிக நெருங்கிய ஒன்றாகவே செவி ஏற்கிறது. நாவும் அதனையே ஒலிக்கிறது. இது சோம்பலும் அன்று, அறியாமையும் அன்று.

சொல்லின் வாயிலில்

‘ஸ்கூல்’ என்னும் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்யொலிகள் இணைந்து நிற்கின்றன. இத்தகைய தொடக்கம் பல மொழியினருக்கு எளிதன்று. உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் பலர் முன்னால் ஓர் உயிரொலியைச் சேர்த்து ‘இஸ்கூல்’ என்பர். பஞ்சாபியர் பலர் நடுவில் ஓர் உயிரொலியைச் சேர்த்துச் ‘சகூல்’ என்பர்.

தமிழில் இதற்கு இலக்கண விதியே உண்டு. எந்தெந்த எழுத்துகள் சொல்லின் முதலில் வரும் என்பதைத் தொல்காப்பியம் வரையறுத்துக் கூறுகிறது. மெய்யெழுத்து தனித்து நின்று சொல்லைத் தொடங்காது. ட, ர, ல ஆகிய வரிசை எழுத்துகளும் தமிழ்ச் சொல்லுக்கு முதலாவதில்லை. ‘லண்டன்’ என்பதை ‘இலண்டன்’ என்றும், ‘ரோமாபுரி’ என்பதை ‘உரோமாபுரி’ என்றும் எழுதும் மரபு இதனால் வந்தது. ‘ஸ்டேஷன்’ என்பதைச் சிற்றூர் முதியோர் ‘இஸ்டேசன்’ என்று கூறுவதும் அதே விதியின் வழியே ஆகும்.

இவ்வழக்கம் இந்தியருக்கு மட்டும் உரியதன்று. பள்ளியைக் குறிக்கும் ‘ஸ்கோலா’ என்னும் இலத்தீன் சொல் ஸ்பானிய மொழியில் ‘எஸ்குவேலா’ ஆயிற்று. அங்கே முன்னால் சேர்ந்த உயிரொலி எழுத்திலும் இடம்பெற்று, இலக்கிய வழக்காகவே நிலைத்துவிட்டது. தில்லித் தெருவில் ‘இஸ்கூல்’ என்பது நகைப்புக்கு உரியதாகவும், மாட்ரிட் நகரில் ‘எஸ்குவேலா’ என்பது செம்மொழியாகவும் தோன்றுவது ஒலியின் குணத்தால் அன்று; கேட்போரின் மனத்தால்தான்.

வங்காளத்தின் வகரம்

வங்காளியர் பலர் ‘வெரி’ என்பதை ஒலிக்கும்போது இரண்டு இதழ்களும் ஒட்டுகின்றன. ‘தம்பி’ என்னும் சொல்லில் வரும் பகரம் போன்ற ஒலி அங்கே பிறக்கிறது. வடமொழிச் சொற்களில் உள்ள வகரம் வங்காள மொழியில் பெரும்பாலும் இவ்வாறே மாறுகிறது. வடமொழியில் ‘ரவீந்திர’ என்று வழங்கும் பெயர் வங்காளத்தில் ‘ரபீந்திர’ என ஒலிக்கும். 1913ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசைப் பெற்ற தாகூரின் பெயரை உலகில் பலர் இன்று அந்த வங்காள ஒலியுடன் எழுதுகின்றனர். ‘பெரி’ என்று கூறும் மாணவியின் நாவில் உள்ளதும் அதே ஒலி மரபுதான்.

தமிழ் நாவின் வழிகள்

‘எட்டு’ என்னும் சொல்லைப் பேச்சில் ‘யெட்டு’ என்றும், ‘ஒண்ணு’ என்பதை ‘வொண்ணு’ என்றும் தமிழர் ஒலிப்பதைக் கேட்கலாம். சொல்லின் முதலில் எகர ஏகாரங்கள் வந்தால் மெல்லிய யகரமும், ஒகர ஓகாரங்கள் வந்தால் மெல்லிய வகரமும் பேச்சில் துணைசேர்கின்றன. ‘யெக்ஸாம்’, ‘வோன்லி’ என்பன இவ்வழியில் பிறந்தவை.

வல்லின எழுத்துகளின் இயல்பும் கருதத்தக்கது. ‘பந்து’ என்பதில் முதலில் நிற்கும் பகரம் வலிந்து ஒலிக்கிறது. நகர மெய்யை அடுத்து வரும் துகரம் மென்மை பெறுகிறது. ஓரெழுத்தே தான் நிற்கும் இடத்திற்கேற்ப வலிந்தும் மெலிந்தும் ஒலிப்பதால், தமிழுக்கு வேறு எழுத்துகள் தேவைப்படவில்லை. ஆங்கிலம் அதிகம் பழகாத முதியோர் ‘பஸ்’ என்பதைப் ‘பல்’ என்பதில் உள்ள வலிந்த பகரத்துடன் ஒலிப்பது இதனால்தான். தமிழரும் மலையாளிகளும் ‘சிம்ப்ளி’ என்னும் சொல்லில் மகர மெய்யை அடுத்த பகரத்தை மெலித்து ஒலிப்பதற்கும் இதுவே காரணம்.

டகரமா, றகரமா?

ஆங்கிலத்தில் ‘டாக்டர்’, ‘டேபிள்’ போன்ற சொற்களின் முதலொலி, நாநுனி மேற்பல்லின் பின்னுள்ள மேட்டைத் தொடுவதால் பிறக்கிறது. தகரத்திற்கு நா பல்லைத் தொடும். டகரத்திற்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ஆங்கில ஒலியோ இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. இந்திய மொழியினர் பெரும்பாலோர் அதனை டகரமாகவே ஏற்றனர். அசாமிய மொழியில் த, ட என்னும் வேறுபாடு மறைந்து, இடைப்பட்ட ஒலி ஒன்றே உள்ளது. ஆகவே அசாமியரின் ஒலிப்பு இவ்விடத்தில் ஆங்கிலத்திற்கு நெருங்கி நிற்கிறது.

தமிழுக்குள்ளும் இதில் இரு வழக்குகள் உண்டு. தமிழ்நாட்டார் ‘டொராண்டோ’, ‘பேட்டரி’ என்று எழுதுவனவற்றை ஈழத்தமிழர் ‘ரொறன்ரோ’, ‘பற்றரி’ என்று எழுதுவர். ஈழத்தமிழில் இரட்டித்த றகரம் அந்த இடைப்பட்ட ஒலியைப் பெற்றிருப்பதால், ஆங்கில ஒலிக்கு அதுவே நெருங்கியதாக அவர்களுக்குத் தோன்றிற்று. மொழி ஒன்றே ஆயினும் வட்டாரம் மாறியதும் ஆங்கிலச் சொல்லின் வடிவம் மாறிவிட்டது.

ஆங்கிலம் பிறந்த மண்ணில்

ஆங்கிலேயர் அனைவரும் ஒரே விதமாகப் பேசுவதாக எண்ணுவோர் உளர். உண்மை அதுவன்று. கோப்பையைக் குறிக்கும் ‘கப்’ என்னும் சொல் இங்கிலாந்தின் வடபகுதியில் ‘குப்’ என்பதை ஒத்து ஒலிக்கும். ‘கார்’ என்னும் சொல்லின் இறுதி ரகரம் இலண்டனில் மறைந்துவிடும். ஸ்காட்லாந்தில் தெளிவாகக் கேட்கும். அயர்லாந்தில் ‘ஃபில்ம்’ என்பதைப் பலர் ‘ஃபிலம்’ என்பர். தக்காளியை இங்கிலாந்தில் ‘டொமாட்டோ’ என்றால், அமெரிக்காவில் ‘டொமேட்டோ’ என்பர்.

பி.பி.சி. வானொலி 1926ஆம் ஆண்டில், அறிவிப்பாளர்கள் சொற்களை எவ்வாறு ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்ய அறிஞர் குழு ஒன்றை அமைத்தது. 1930 முதல் அதன் தலைவராக இருந்த பெர்னார்ட் ஷா அயர்லாந்தில் பிறந்தவர். பின்னர், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1941ஆம் ஆண்டு, யார்க்‌ஷயர் பகுதியைச் சேர்ந்த வில்ஃபிரட் பிக்கிள்ஸ் செய்தி வாசிக்க அமர்த்தப்பட்டார். அவர் தம் வட்டார ஒலிப்பிலேயே வாசித்தார். ‘நைட்’ என்பதை ‘நீட்’ என்று கூறி வடபகுதி மக்களிடம் விடைபெற்றார். கேட்டவருள் பலர் அதனைக் குறைகூறினர். இன்றோ அந்நிறுவனத்தில் பல வட்டாரங்களின் ஒலிப்பும் கேட்கிறது.

ஆங்கிலேயர் நாவில் தமிழ்

தமிழகம் வந்த ஆங்கிலேயரின் நாவும் தமிழ் ஒலிகளுக்குத் திணறியது. தூத்துக்குடியை ‘டூட்டிகொரின்’ என்றும், தஞ்சாவூரை ‘டாஞ்சூர்’ என்றும், திருச்சிராப்பள்ளியை ‘டிரிச்சினோபொலி’ என்றும் அவர்கள் அழைத்தனர். மிளகுத்தண்ணீர் அவர்கள் உணவு மேசையில் ‘மல்லிகடானி’ ஆயிற்று. அவர்கள் ஆள்வோராக இருந்ததால் அப்பெயர்கள் அலுவலகங்களிலும் நிலப்படங்களிலும் ஏறின. தாயின் ‘யெக்ஸாம்’ சிரிப்புக்கு இடமானது. ஆள்வோரின் ‘டூட்டிகொரின்’ ஊர்ப்பெயராகவே நிலைத்தது. நா செய்த செயல் இரண்டிலும் ஒன்றே.

எப்போது திருத்த வேண்டும்?

இவற்றால் உச்சரிப்பைப் பயில வேண்டுவதில்லை என்று கொள்ளலாகாது. எரிவாயுவைக் குறிக்கும் சொல்லும் வழக்கைக் குறிக்கும் சொல்லும் தமிழெழுத்தில் ‘கேஸ்’ என்று ஒன்றாகவே நிற்கும். ஆங்கிலத்தில் இரண்டின் முதலொலியும் வேறு. இத்தகைய இடங்களில் பொருள் மயங்காதவாறு ஒலிக்கப் பழகுதல் நன்று.

தெளிவு மிகவும் தேவைப்படும் இடம் வானூர்திப் போக்குவரத்து ஆகும். ஒரு சொல்லைத் தவறாகக் கேட்டால் உயிர்களுக்கே இடர் நேரக்கூடும். இத்துறைக்கான பன்னாட்டு அமைப்பு, வானோடிகளின் ஆங்கிலத்தை ஆறு நிலைகளாக அளவிடுகிறது. அவற்றுள் உயர்ந்த ஆறாம் நிலையிலும் தாய்மொழியின் சாயல் இருக்கலாம் என்று அந்த அளவுகோல் ஏற்கிறது. அச்சாயல் புரிதலுக்கு இடையூறு செய்யாதிருத்தல் வேண்டும் என்பதே நிபந்தனை. மேலும், வானொலித் தொடர்பில் மூன்று என்னும் எண்ணை ‘த்ரீ’ எனாமல் ‘ட்ரீ’ என்று கூறுவதே அங்கு விதி. ஒன்பது என்பது ‘நைனர்’ எனப்படும். எல்லா நாட்டினர் செவிக்கும் பிழையின்றி எட்டுவதே அங்கே சிறந்த உச்சரிப்பு.

தலைநிமிர்தல்

மதுரைத் தாய் தம் மகளின் தேர்வு குறித்து ஆசிரியரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். ஆசிரியர் அதனைப் புரிந்துகொண்டு விடை கூறினார். ஆகவே அவர் பேச்சு தன் பணியைச் செய்து முடித்தது. ‘யெக்ஸாம்’ என்பதில் முன்நின்ற மெல்லிய யகரம், அவர் எந்த மொழியில் முதன்முதலில் எண்ணக் கற்றார் என்பதற்குச் சான்றாகும். அம்மொழியிலேயே அவர் மகளுக்கும் தாலாட்டுப் பாடினார். அதனை அறிந்த மகளுக்குத் தலைகுனியக் காரணம் இல்லை. சிரித்த இருவரும் தம் ஒலியைத் தாமே கேட்கக் கற்றால், அவர்களுக்குச் சிரிக்கவும் காரணம் இராது.

கற்பவை கற்றபின்

1. ஸ்கூல், ஃபிலிம், டாக்டர், வெரி ஆகிய சொற்களை உம் வகுப்பிலுள்ள பிறமொழி மாணவர் மூவர் எவ்வாறு ஒலிக்கின்றனர் என்பதைக் கேட்டு எழுதுக.
2. உம் வீட்டு முதியோர் ஆங்கிலச் சொற்களை ஒலிக்கும் முறையில் இப்பாடத்தில் கூறப்பட்ட விதிகளுள் எவை காணப்படுகின்றன?
3. ‘இஸ்கூல்’, ‘எஸ்குவேலா’ ஆகிய சொற்களை ஒப்பிட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.
4. ஒருவரின் உச்சரிப்பைக் கேட்டுப் பிறர் சிரிக்கும்போது நீவிர் என்ன கூறுவீர்? வகுப்பில் கலந்துரையாடுக.