கார்பன் ரிம்மை உப்பு எங்கே பிடிக்கிறது?

புதிதாக வந்த கார்பன் ரிம்மை உறையிலிருந்து எடுத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது பார்வைக் குறையைத்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கறுப்பு ஒரே சீராக இருக்கிறதா, ஊசிமுனைத் துளை ஏதாவது தெரிகிறதா, பின்னல் கோணலாக ஓடுகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். ஒரு ஜோடிச் சக்கரத்தின் விலைக்கு மோட்டார் சைக்கிளே வாங்கலாம் என்னும்போது அந்தக் கவலை நியாயமானது. ஆனால் வார இறுதிதோறும் விடியலுக்கு முன்பே திருவான்மியூரில் கிளம்பி, முட்டுக்காடு, கோவளம், வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று ஏறக்குறைய 50 கிலோமீட்டர் மிதித்து மாமல்லபுரம் போகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. ஸ்போக்ஸ் கம்பி ரிம்மைச் சந்திக்கிற நிப்பிள்தான் அது.

முதலில் பளபளப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கார்பன் இழை ஒவ்வொன்றும் சுமார் 7 மைக்ரான் தடிமன். தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து எபாக்சி பிசினில் ஊறவைத்த தாள்களை வெட்டி, அச்சுக்குள் அடுக்கி, உள்ளே பை வைத்துக் காற்றடித்து அழுத்தி, சூட்டில் இறுகச் செய்கிறார்கள். கடைகளில் ‘த்ரீ கே’ என்று சொல்லும் கட்டம் போட்ட பின்னல், 3,000 இழை கொண்ட கற்றைகளால் நெய்த துணி. பெரும்பாலும் அது மேலே போர்த்திய ஒற்றை அடுக்கு. பாரத்தைத் தாங்குவது அதற்கு அடியில் ஒரே திசையில் ஓடும் இழைகள்தான். நெய்யும்போது இழை மேலும் கீழுமாக வளைவதால், அதே எடைக்குத் துணி தரும் வலிமை சற்றுக் குறைவு.

பின்னல் இல்லாமல் இழைகள் ஒரே திசையில் ஓடும் ‘யூ.டி.’ ரிம்மில் திட்டுத் திட்டாகத் தெரியும் கோடுகளைக் கண்டு பலர் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அவற்றில் பல, தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய விளிம்புகள், கைவேலையின் தடங்கள். குழந்தைக் கன்னம்போல மாசு மருவற்றிருக்கும் ரிம்மில்தான், அழுத்தம் போதாமல் உண்டான குழிகளைப் பட்டி பார்த்து அடைத்து, தேய்த்து, மேலே கிளியர் கோட் அடித்திருக்கவும் கூடும். பூச்சுக்கு அடியில் இருப்பதைக் கண் சொல்லாது.

அதற்காக மேல்பூச்சை அலட்சியம் செய்யவும் முடியாது. எபாக்சிக்கு வெயிலின் புற ஊதாக் கதிர் ஆகாது. மஞ்சளித்து, பிறகு மாவாக உதிரும். அதைத் தடுக்கும் வேதிப்பொருள் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. ஆனாலும் கறுத்த இழைகளே வெயிலை உள்ளே விடுவதில்லை. அதனால் கெடுவது பெரும்பாலும் மேற்பரப்பின் மெல்லிய படலம்தான். நிறம் வெளிறியது என்பதற்காக மட்டும் ஒரு ரிம்மைக் கழித்துவிட வேண்டியதில்லை.

இந்த ஞானம் செங்கல்பட்டு மாவட்டத்துக் குப்பங்களில் நெடுநாளாகவே உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகுகள் பெருகின. நிவாரணமாக வந்தவை ஏராளம். படகும் ரிம்மும் ஒரே இனம். கார்பன் இருக்கும் இடத்தில் கண்ணாடி இழை, எபாக்சி இருக்கும் இடத்தில் பாலியெஸ்டர் பிசின், கிளியர் கோட் இருக்கும் இடத்தில் நிறம் கலந்த ஜெல் கோட். மணலில் இழுத்து இழுத்து அடிப்பக்கத்து ஜெல் கோட் தேய்ந்துபோவது சகஜம். சாயம் போய்விட்டது என்று எந்த மீனவரும் படகை ஒதுக்குவதில்லை. அடியிலிருக்கும் கண்ணாடி இழை மேட் தெரிய ஆரம்பித்தால் மட்டும் கரையேற்றி, காயவைத்து, தேய்த்து, புது மேட் வைத்துப் பிசின் பூசுகிறார்கள். வெளியே தெரியும் இழையின் வழியே தண்ணீர் உள்ளே ஏறும் என்பது அவர்களுக்கு அனுபவம். கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகைகளின் அடிபட்ட இடங்களையும் இதே முறையில்தான் சரிசெய்கிறார்கள். பூச்சில் மட்டும் விழுந்த கீறல் எது, இழை தெரியும் கீறல் எது என்று பிரித்துப் பார்க்க சைக்கிள்காரர்களும் பழக வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் படகு ரிம்முக்கு வழிகாட்டாது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, கார்பன் கடத்தும். வினையே அங்கேதான் தொடங்குகிறது.

கார்பனும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டபடி இருக்க, உப்புத் தண்ணீர் இரண்டையும் நனைத்தால் அது ஒரு மின்கலம். அரிப்பு வரிசையில் கார்பன் தங்கத்துக்கும் பிளாட்டினத்துக்கும் பக்கத்தில் நிற்கிறது. அதனால் தனக்கு எதுவும் ஆகாமல் அலுமினியத்தைக் கரைத்துவிடும். அலுமினிய நிப்பிள் வெள்ளையாகப் பூத்துப்போகும். கோட்டம் எடுக்கச் சாவி போட்டால் திரும்பாது, அல்லது முனை மழுங்கும். பல கம்பிகள் சுமார் 100 கிலோ எடைக்கு ஈடாக இழுத்துக்கொண்டிருக்கும் சக்கரத்தில், பூத்துப்போன நிப்பிள் ஒருநாள் தலை தெறித்து விடும். அப்போதும் ரிம் கடையில் வாங்கியபோது இருந்ததைப் போலவே மின்னும்.

இதற்கு மழையில் நனைய வேண்டும் என்பதுகூட இல்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சமையல் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். இந்தக் கடற்கரையின் விடியற்காலைகளில் ஈரப்பதம் பெரும்பாலும் அதற்கு மேல்தான். சைக்கிள்காரர்கள் வெயிலுக்குப் பயந்து தேர்ந்தெடுக்கும் அதே நேரம்! கேளம்பாக்கம் உப்பளங்களில் வேலை செய்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சாலையில் ஓடாமல் கடலோரக் குடியிருப்பின் பால்கனியில் நிற்கும் சைக்கிளும் இதற்குத் தப்பாது.

விமானம் கட்டுகிறவர்கள் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்தவர்கள். எடையில் ஏறத்தாழ பாதி கூட்டுப்பொருளாலான போயிங் 787-இல், கார்பனை ஒட்டி வரும் பல இடங்களில் அலுமினியத்தைத் தவிர்த்து டைட்டானியத்தை வைத்தார்கள். அலுமினியம் வந்தே தீர வேண்டிய இடங்களில் இடையே மெல்லிய கண்ணாடி இழை அடுக்கைப் போடுவது விமானத் துறையில் பழகிய வழி. குப்பத்துப் படகில் இருக்கும் அதே கண்ணாடி இழைதான் அது. நீங்கள் வாங்கும் ரிம்மின் நிப்பிள் துளைகளில் அப்படியொரு தடுப்பு உண்டா என்பதை விற்பவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பின்னலின் அழகைப் பற்றிக் கேட்பதைவிட இந்தக் கேள்வி நூறு மடங்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

உப்பை எப்படிக் கையாளுவது என்பதற்கு மாமல்லபுரத்திலேயே பாடம் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் முகம் மழுங்கியதற்கு உப்புக் காற்று ஒரு பெரிய காரணம். கல்லின் நுண்துளைகளில் இறங்கிய உப்பு, காய்ந்து படிகமாகும்போது மேற்பரப்பை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது. தொல்லியல் துறை சவுக்குத் தோப்பு வளர்த்துக் காற்றை மறித்தது. கடல் பக்கம் பாறைகளைக் கொட்டி அரண் போட்டது. நனைத்த காகிதக் கூழைக் கல்லின்மேல் அப்பி, உப்பை உறிஞ்சி எடுத்தது. ஏறிய உப்பை எடுத்துவிடுவதே அந்த வைத்தியத்தின் சாரம்.

சக்கரத்துக்கும் அதைத்தான் செய்ய வேண்டும். வீடு திரும்பிய அன்றே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் நிப்பிள் வரிசையைத் துடைத்து, காற்றோட்டமாகக் காயவிட்டால் போதும். பிரஷர் வாஷரைப் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது. அது உப்பை நிப்பிள் துளை வழியாக ரிம்மின் வயிற்றுக்குள் அனுப்பிவிடும். டியூப்லெஸ் ஓட்டுகிறவர்கள் அமோனியா அதிகமுள்ள சீலன்ட்டைத் தவிர்ப்பது நல்லது, அதுவும் அலுமினியத்தை அரிக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது டயரையும் டேப்பையும் கழற்றி உள்பக்கத்தைப் பார்த்துவிட வேண்டும்.

சூட்டைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். சமதளமான கடற்கரைச் சாலையில் அது பெரிய பிரச்சினை இல்லை. ரிம்மையே பிடிக்கும் பிரேக் உள்ள பழைய கார்பன் சக்கரத்தோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை விடாமல் பிடித்து இறங்கினால் பிசின் இளகி ரிம் உப்பக்கூடும். டிஸ்க் பிரேக் வந்தபின் அந்தப் பயமும் போய்விட்டது.

அடிபடுவதுதான் மெய்யான ஆபத்து. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் வழியில் ஒரு வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கினால், அலுமினிய ரிம் நெளிந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் நெளியாது, அடுக்குகள் உள்ளே பிரிந்திருந்தும் வெளியே ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். பலத்த அடிக்குப் பிறகு ஒரு நாணயத்தால் ரிம்மைச் சுற்றிலும் தட்டிக் கேளுங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மட்டும் மந்தமானால், அந்தச் சக்கரத்தில் ஏறாதீர்கள். டயர்க் காற்றிலும் கவனம் வேண்டும். விளிம்பில் கொக்கி இல்லாத ஹூக்லெஸ் ரிம்முக்கு வகுத்திருக்கும் உச்ச வரம்பு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.; பழைய பழக்கத்தில் 100-க்கு அடிப்பது உயிரோடு விளையாடுவது.

புதுச் சக்கரம் கட்டச் சொல்லும்போது பித்தளை நிப்பிள் கேட்டு வாங்குங்கள். பித்தளையும் அரிக்கும், ஆனால் அலுமினியத்தைவிட மிக மெதுவாக. முன்னும் பின்னும் சேர்த்து 48 நிப்பிளுக்குக் கூடும் எடை சுமார் 30 கிராம்தான். கடலோர ஊர்களில் விற்கும் சக்கரங்களுக்காவது பித்தளையை வழக்கமாக்க விற்பனையாளர்கள் முன்வர வேண்டும். ஏற்கெனவே அலுமினிய நிப்பிளோடு ஓட்டிக்கொண்டிருப்பவர்கள், சக்கரத்தை அடுத்த முறை கோட்டம் எடுக்கக் கொடுக்கும்போது நிப்பிள்களை ஒவ்வொன்றாக மாற்றித் தரச் சொல்லலாம். பழகிய மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலை.