சைக்கிள் செயினும் ஒரு இரும்பு ஸ்கேலும்

போன மாதம் மேம்பாலம் ஏறும்போது எழுந்து நின்று மிதித்தேன். சடக்கென்று செயின் பல் தாண்டியது. முழங்கால் ஹேண்டில்பாரில் இடித்தது. பின்னால் ஒரு பேருந்து. விழாமல் தப்பியது அதிர்ஷ்டம்தான்.

கடையில், "செயின், கேசட், முன் பல்சக்கரம் மூணும் மாத்தணும் சார்" என்றார்கள். ஏன் மூணும்? காரணம் தெரியாமல் காசு கொடுக்க மனசு வரல. என் ஹைப்ரிட் சைக்கிளை வீட்டிலேயே பிரித்துப் பார்த்தேன்.

செயின் "நீளுது" என்கிறோம். உண்மையில் தகடுகள் இழுபடுவதில்லை. எண்ணெயில் ஒட்டிய மணல் ஊசிகளை அரைக்கிறது. ஊசிக்கு ஊசி அரை அங்குலம். 24 இடைவெளி சரியாக 12 அங்குலம். ஒவ்வொரு மூட்டிலும் 0.07 மில்லிமீட்டர் தேய்ந்தாலே மொத்தத்தில் 1/16 அங்குலம் கூடிவிடும். அப்போது செயின் பல்லின் அடியில் உட்காராமல் மேலேறுகிறது, பல்லையும் தன் அளவுக்குத் தேய்த்துவிடுகிறது.

அளக்க ஒரு இரும்பு ஸ்கேல் போதும். செயினை விறைப்பாகப் பிடித்து, ஒரு ஊசியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். 24 இடைவெளி தள்ளியுள்ள ஊசியின் நடு எங்கே வருகிறது என்று பாருங்கள். மறைந்த ஷெல்டன் பிரவுன் தன் சைக்கிள் குறிப்புகளில் சொல்லும் கணக்கு இது:

12 அங்குலத்துக்கு மேல் 1/16-க்குள் இருந்தால் கவலையில்லை.
1/16-ஐத் தொட்டால் செயினை மட்டும் மாற்றுங்கள்.
1/8-ஐத் தொட்டால் பெரும்பாலும் கேசட்டும் போச்சு.

என்னுடையது 1/8-ஐத் தாண்டியிருந்தது. கடைக்காரர் பெருமளவு சரி, தப்பு என்னுடையது. முன்பே அளந்திருந்தால் செயினோடு முடிந்திருக்கும். முன் சக்கரத்தில் பற்கள் அதிகம், அதனால் மெதுவாகத்தான் தேயும். அதை மாற்றாமல் ஓட்டிப் பார்த்தேன், வழுக்கவில்லை.

கேசட் கழற்ற லாக்ரிங் கருவி வாங்கினேன். கேசட் சுற்றாமல் பிடிக்கும் செயின் விப்பை, இரும்புப் பட்டையில் பழைய செயின் துண்டை போல்ட் போட்டு நானே செய்துகொண்டேன். புதுச் செயினை வெட்டும்போது பழையதன் நீளத்தைப் பார்க்காதீர்கள், கண்ணிகளை எண்ணுங்கள். பழையதுதான் நீண்டுவிட்டதே!

பராமரிப்பில் நான் செய்துவந்த பிழை ஒன்று. மண்ணெண்ணெயில் கழுவியதும் ஈரத்தோடு எண்ணெய் விடுவேன். மிச்ச மண்ணெண்ணெய் எண்ணெயை நீர்க்கவைத்துவிடும். இப்போது ஒரு ராத்திரி காயவிடுகிறேன். பிறகு உருளைக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னால் சுற்றிவிட்டு, வெளிப்பக்கத்தை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைக்கிறேன். எண்ணெய் வேண்டியது உள்ளேதான், வெளியே நிற்பது தூசியைத்தான் பிடிக்கும்.

ஸ்கேல் இப்போது சைக்கிளுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்குகிறது. மாதம் ஒரு ஞாயிறு, ரெண்டு நிமிஷ வேலை.