புட்டியில் தீருமா புகை?



சென்ற மாதம் ஒரு விற்பனைப் பிரதிநிதி நமது மண்டிக்கு வந்தார். டீசலில் கலக்கும் மருந்துப் புட்டிகளை மேசைமேல் வரிசையாக அடுக்கினார். "20 லிட்டருக்கு ஒரு மூடி ஊற்றினால் போதும் அண்ணாச்சி. புகையே வராது, மைலேஜும் கூடும். ஒரு டஜன் எடுத்தால் இரண்டு புட்டி இலவசம்" என்றார். நம்மிடம் சரக்கெடுக்கும் மளிகைக் கடைக்காரர்கள் பலர் மினி லாரி வைத்திருக்கிறார்கள். வாங்கி வைத்தால் விற்கும்; லாபமும் உண்டு. ஆனாலும் நாம் எடுக்கவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

இதுபோன்ற புட்டியில் நாமே ஒருமுறை காசை விட்டிருக்கிறோம். நமது பழைய மினி லாரி மேடு ஏறும்போது கரும்புகை தள்ளியது. புகைப் பரிசோதனையிலும் தேறவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு புட்டி வாங்கி ஊற்றினோம், புகை குறையவில்லை. பிறகு மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தரையில் தட்டினார். வத்தல் தூசியும் மல்லித் தூசியுமாகக் கொட்டியது. கிட்டங்கி வாசலிலேயே கிடக்கும் வண்டி அல்லவா! ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டர்களைச் சரிபார்த்த பின் வண்டி பரிசோதனையில் தேறியது.

புகையின் நிறமே கோளாறைச் சொல்லிவிடும். கரும்புகை என்றால் டீசல் அதிகம், காற்று குறைவு. அடைத்த ஃபில்டர், பழுதான இன்ஜெக்டர், அளவுக்கு மீறிய லோடு ஆகியவை காரணங்கள். நீலப்புகை என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெண்புகை நிற்கவில்லை என்றால், டீசல் சரியாக எரியவில்லை அல்லது ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கசிகிறது. இவை எதையும் புட்டி மருந்து பழுது பார்க்காது.

மருந்துகள் எல்லாமே பொய் என்று நாம் சொல்லவில்லை. டீசல் தாமதமின்றிப் பற்றிக்கொள்ளச் செய்வது ஒரு வகை. இன்ஜெக்டர் முனையில் படியும் கசடை நீக்குவது மற்றொரு வகை. மூன்றாவது வகை உலோகம் கலந்தது. 1960களில் பேரியம் கலந்த மருந்து கரும்புகையைக் குறைத்தது. ஆனால் அந்தப் பேரியமே நுண்துகளாகப் புகையோடு வெளியேறியது. 2000ஆம் ஆண்டில் பிரான்சின் பெஜோ நிறுவனம், கரித்துகள் வடிகட்டி பொருத்திய காரில் சீரியம் கலந்த மருந்தைப் பயன்படுத்தியது. வடிகட்டியில் சேரும் கரி குறைந்த சூட்டிலேயே எரிய அது உதவியது. வடிகட்டி இல்லாத நமது பழைய வண்டிக்கு அந்தக் கதை பொருந்தாது.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 டீசல் விற்கப்படுகிறது. முன்பு பத்து லட்சம் பங்கில் 50 பங்கு வரை இருந்த கந்தகம் இப்போது 10 பங்குதான். கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழவழப்பும் குறையும். அதை ஈடுகட்டும் மருந்தை எண்ணெய் நிறுவனங்களே சேர்த்துத்தான் அனுப்புகின்றன. தரமான பங்க்கில் ஊற்றினால் பெரும்பாலும் அதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. புதிய பி.எஸ்.6 லாரிகள் பலவற்றுக்கு டி.இ.எஃப். என்னும் திரவம் வேண்டும். இது டீசல் மருந்து அல்ல. 32.5 சதவீதம் யூரியாவும், மீதி சுத்திகரித்த தண்ணீரும் கொண்டது. இதற்கென்று உள்ள தனித் தொட்டியில்தான் ஊற்ற வேண்டும். இது புகைக்குழாயில் தெளிக்கப்பட்டு, நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றுகிறது. நமக்குத் தெரிந்த ஒரு வியாபாரியின் டிரைவர் இதை டீசல் டேங்க்கில் ஊற்றி வண்டியை ஓட்டிவிட்டார். பம்ப்பும் இன்ஜெக்டர்களும் பாழாயின. தவறி ஊற்றிவிட்டால் சாவியைக்கூடத் திருப்பாமல் டேங்க்கைக் காலி செய்ய வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்து இதில் தண்ணீர் கலப்பதும் கூடாது.

அந்தப் பிரதிநிதி கொண்டுவந்த புட்டியில் தயாரிப்பாளர் முகவரியும் இல்லை, தயாரித்த மாதமும் இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி இவை கட்டாயம். இல்லாத சரக்கை விற்றால் கடைக்காரரும்தான் பதில் சொல்ல வேண்டும். பருப்பு மூட்டையில் நாம் பார்க்கும் முத்திரையைப் புட்டியிலும் பார்க்க வேண்டாமா?

கடைசியாக ஒன்று. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இல் அறிவித்தது. லோடு இறக்கும்போது என்ஜின் ஓடினால், அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் நம் மூட்டை தூக்கும் தொழிலாளி. அடுத்து கல்லாவில் உட்கார்ந்திருக்கும் நாம். லோடு இறங்கும்வரை என்ஜினை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுங்கள். என்ஜினை அணைக்கக் காசு செலவில்லை, டீசலும் மிச்சம். அந்தப் புட்டி விற்று வரும் லாபத்தைவிட இது பெரிது என்பது நமது அனுபவம்.