வட்டைக்குப் போன வழியில் சவாரி

கல்முனையில் நீர்வீழ்ச்சி கிடையாது, மலையும் கிடையாது. கிழக்கே கடல், மேற்கே வயல்வட்டை, நடுவில் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் ஊர்கள். ஆனாலும் வியாழன் இரவானால் தேநீர்க் கடை வாசலில் எங்கள் பையன்கள் கதைப்பது அருவியும் மலையேற்றமும்தான். "சுபஹு தொழுதிட்டு வெளிக்கிட்டா லுஹருக்கு முன்னுக்குத் தியலுமவுக்குப் போயிரலாம் மச்சான்."

போகலாம்தான். தியலும 220 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. இலங்கையின் இரண்டாவது உயரமான நீர்வீழ்ச்சி. அது எங்கோ தொலைதூர மலைநாட்டில் இருப்பதாக இவர்கள் நினைக்கிறார்கள். கல்முனைச் சந்தைக்கு முன்னால் ஓடுகிற பிரதான வீதி ஏ-4. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பலாங்கொடை, கொஸ்லந்தை, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவை, பொத்துவில் என்று வளைந்து வந்து, எங்கள் கடைத்தெருவை ஊடறுத்து மட்டக்களப்பில் முடிகிறது. கொஸ்லந்தைக்கும் வெல்லவாயவுக்கும் இடையில் தியலும விழுவது இதே வீதியின் ஓரத்தில்.

இந்த வீதியில் மலையேறப் புறப்பட்டவர்களில் இவர்கள் முதலாமவர்களும் அல்ல. எங்கள் மூத்தாப்பாமார் ஏறிய மலைகளும் இதே வீதி வழியேதான் இருந்தன. இரத்தினபுரிப் பக்கமாக ஏறினால் பாவாத மலை. ஆதம் நபியின் பாதம் பட்டதாக நம்பப்படும் அந்த உச்சிக்கு, 1344இல் இப்னு பதூதாவே சங்கிலிகளைப் பிடித்து ஏறியிருக்கிறார். பலாங்கொடையில் திரும்பினால் கூரகலைக் குன்றின் தப்தர் ஜெய்லானி. பக்தாதின் அப்துல் காதிர் ஜீலானி தனித்திருந்து தியானித்ததாகச் சொல்லப்படும் குகையைக் காண, கந்தூரிக் காலத்தில் கிழக்கிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போவார்கள். அரிசி, சட்டி பானை, பாய், கைக்குழந்தை எல்லாமே கூடப் போகும். யாரும் அதை மலையேற்றம் என்று சொல்லவில்லை. நேர்ச்சை என்றார்கள். இன்று ஜெய்லானி மலையின் முகமே வேறு. தொல்லியல் சர்ச்சைகளுக்குப் பிறகு, 2022இல் அது பெரிய பௌத்தத் தலமாகப் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. இப்போதைய பையன்களில் பலர் அதே சந்தியைக் கடந்து வேறு அருவி தேடிப் போகிறார்கள், அந்தப் பெயரையே கேள்விப்படாமல்.

நேர்ச்சை வருசத்தில் ஒருமுறை. தினசரிப் பயணம் என்றால் அது வட்டைக்குத்தான். ரலி, ஹம்பர் சைக்கிள்கள், பிறகு லுமாலா. பாரில் மண்வெட்டி, கெரியரில் விதைநெல், ஹேண்டிலில் சோற்றுப்பார்சல். காணிச் சொந்தக்காரரான போடியார் கரத்தையில் போனால், அவருடைய வயலில் வேலை செய்யும் முல்லைக்காரர் சைக்கிளிலோ கால்நடையாகவோ போவார். கல்முனையிலிருந்து நற்பிட்டிமுனை, கிட்டங்கித் தாம்போதி, சவளக்கடை என்று ஒரு வழி. காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, மல்வத்தை, அம்பாறை என்று இன்னொன்று. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரத்தைக் கட்டிய பிறகு இந்த வழிகளுக்கு நம்பர்கள் வந்து சேர்ந்தன. நான்காம் கொலனி, ஐந்தாம் கொலனி, பன்னிரண்டாம் கொலனி. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறக்கும் தண்ணீர் அந்த அணையில் தேங்கி, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கி, மிச்சம் களியோடைப் பாலத்தின் கீழே கடலைத் தேடிப் போகிறது. அருவி இல்லாத ஊருக்கு மலை இப்படித்தான் வந்து சேர்ந்தது. களியோடையில் குளிக்கிறவன் ஒருவகையில் மலைத்தண்ணீரில்தான் குளிக்கிறான்.

அந்த வழிகளை அறிந்தவர்களுக்கு ஒவ்வொரு திருப்பத்துக்கும் பெயர் தெரியும். எந்தக் கண்டத்தில் மழைக்குப் பிறகு சக்கரம் புதையும், ஆனை எந்த மாதத்தில் எந்தப் பக்கத்தால் இறங்கும், எந்த வாடியில் இரவு தங்கலாம் என்பதெல்லாம் வாப்பாவின் பின்னால் கெரியரில் இருந்து படித்த பாடம்.

அந்தப் பாடம் எண்பதுகளின் நடுவில் நின்றுபோனது. போர் வந்ததும் பிரதான வீதிக்கு மேற்கே போவது உயிரைப் பணயம் வைக்கிற காரியமாயிற்று. திருக்கோவிலுக்கு மேற்கே கஞ்சிகுடிச்சாறுக் காடு புலிகளின் தளம். வீதி நெடுகப் படையினரின் சென்றிகள். சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு கடக்க வேண்டும். கூமுனைச் சரணாலயம் 1985இல் மூடப்பட்டு 2003இல்தான் திறந்தது. காணிகள் காடாகின. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் ஒன்றின் எல்லைக்குள் மற்றது கால் வைக்க அஞ்சிய வருசங்கள் அவை. 2007இல் கிழக்கில் சண்டை ஓய்ந்தபோது வட்டைப்பாதை இருந்தது, அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய தலைமுறை மூப்படைந்திருந்தது. அதனால்தான் இன்றைய பையன் தன் மூத்தாப்பாவின் வயல் வரப்பையே கூகுள் மெப்பில் தேடுகிறான். அவனைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

இப்போது சைக்கிள் திரும்பியிருக்கிறது, வேறு உடுப்பில். 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடு நின்றபோது பழைய லுமாலாக்கள் கொல்லையிலிருந்து வெளியே வந்தன, புதியவற்றின் விலை பறந்தது. பெற்றோல் வந்ததும் பலர் மறுபடி மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். ஆனால் சிலர் இறங்கவில்லை. கியர் சைக்கிள், ஹெல்மட், கைபேசியில் தூரம் கணக்கிடும் செயலி. கிட்டங்கியைத் தாண்டிச் சவளக்கடை, மத்தியமுகாம், அம்பாறை என்று சுற்றி, மல்வத்தை வழியாகக் காலை வெயில் ஏறுமுன் வீடு சேர்கிறார்கள். பெரும்போகத்தில் இரு பக்கமும் பச்சை, எதிர்க்காற்றைத் தவிர எதிரி கிடையாது. கெரியரில் ஒன்றும் கட்டாமல் ஒருவன் அவ்வளவு தூரம் மிதிக்கிறான் என்றால் பழைய முல்லைக்காரர் சிரித்திருப்பார். கெரியரே இல்லை என்று தெரிந்தால் இன்னும் சிரித்திருப்பார்.

மழைக்காலத்தில் சிரிப்புக்கு இடமில்லை. கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்வது அன்றும் இன்றும் மாறாத காட்சி. 2024 நவம்பர் வெள்ளத்தில் மாவடிப்பள்ளியில், மதரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை நீர் இழுத்துக்கொண்டது. பிள்ளைகள் மாண்டார்கள். சவாரிக்கு அழகான பாதை என்று படம் போடுகிறவர்கள் நவம்பர், டிசம்பரில் அதே இடம் எப்படியிருக்கும் என்பதையும் சேர்த்துப் போடலாம்.

ஆனை விசயமும் தலைகீழாகிவிட்டது. முன்பு பரணில் இருந்து தீப்பந்தம் காட்டி விரட்டினோம். அது நெல்லைத் தேடி வந்தது. இப்போது நாங்கள் கொட்டும் குப்பையைத் தேடி வருகிறது. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக் தின்று எட்டு வருசங்களில் சுமார் 20 ஆனைகள் செத்ததாக 2022 தொடக்கத்தில் உலகச் செய்தியானது. அந்தப் பக்கம் மாலை மங்கிய பிறகு சைக்கிளில் போவது வீரமல்ல, மடமை. ஆனையைப் பார்க்கும் ஆசை இருந்தால் இங்கினியாகலைக்குப் போய்ப் படகில் ஏறலாம். 1954இல் அமைந்த கல்லோயாத் தேசியப் பூங்காவில், தீவுக்குத் தீவு ஆனை நீந்துவதை நீரிலிருந்தே பார்க்கலாம்.

கடலோரத்தில் நடந்தே ஊர் தாண்டியது பழைய கதை. சுனாமி கரையோர வீடுகளைத் துடைத்தது; 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்துக்குப் பின் கடலரிப்பு மணலைத் தின்றது. கடலோரச் சவாரி வேண்டுமென்றால் இனி ஏ-4தான். திருக்கோவில், நாட்டின் கிழக்குக் கோடியான சங்கமன்கண்டி, கோமாரி, பொத்துவில், பாலத்தைக் கடந்தால் உல்லை. ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அங்கே வெளிநாட்டார் அலைச்சறுக்குப் பலகையோடு நிற்பார்கள்.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு விசயம் சொல்லியாக வேண்டும். 2019 ஜனவரியில் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர் ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகலைத் தூபியில் ஏறி எடுத்த படத்துக்காகக் கைதானார்கள். விளக்கமறியலில் இருந்து, தண்டப்பணம் கட்டி வெளியே வந்தார்கள். பார்த்தால் செங்கல் மேடு, சட்டத்தின்படி தொல்பொருள். எங்கள் மூத்தாப்பாமாருக்கு ஒவ்வொரு மலைக்கும் ஓர் அதபு இருந்தது. செருப்பை எங்கே கழற்றுவது, எங்கே சத்தத்தைக் குறைப்பது என்று ஏறுமுன்பே தெரியும். இன்றைய பையனுக்கு உச்சிக்கான வழியைக் காட்டும் மெப், அது யாருக்குப் புனிதமானது என்று காட்டுவதில்லை. கைதுக்குப் பிறகு வீடுகளில் மலையென்றாலே பயம் வந்தது. அதே வருசம் ஏப்ரலில் ஈஸ்டர் குண்டுகள் வெடித்த பிறகு தோள்பையோடு கூட்டமாகப் போகிற தாடிப் பையன்கள் என்றாலே பார்வை மாறியது. அந்தக் கூச்சம் கரைய ஓரிரு வருசங்கள் எடுத்தன.

இந்தப் பயணப் படங்களையெல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் என் கண்ணுக்கு முதலில் படுவது, அவற்றில் பெண்பிள்ளைகள் இல்லை என்பதுதான். ஜெய்லானிக்கு உம்மாமார் இடுப்பில் குழந்தையோடு ஏறினார்கள். இப்போது குடும்பப் பயணம் என்றால் வேன் பிடித்து மகாஓயா வெந்நீரூற்றுக்குப் போய், வாளியால் அள்ளிக் குளித்து, புரியாணி சாப்பிட்டுத் திரும்புவது. ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம் போய்வரும் ஆசிரியை அருவிக்கு மட்டும் வேன் ஜன்னலால் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொழுதுபோக்கு என்று ஆனதும் மலை ஆண்களுக்கு உரியதாகிவிட்டதா? முழுக்க அப்படியும் இல்லை. பல்கலைக்கழகக் கூட்டாளிகளோடு மலை ஏறிவிட்டு வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். உம்மாவிடம் சொல்லும்போது அது பாடநெறிக்கான களப்பயணம்.