மூளைக்கு இரண்டு உம்மாக்கள்

மூளையையும் முண்ணாணையும் மூன்று சவ்வுகள் போர்த்தியிருக்கின்றன என்று உயிரியலில் படிக்கிறோம். மண்டையோட்டை ஒட்டிய தடித்த சவ்வு 'டியூரா மேட்டர்'. மூளையின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் இறங்கி ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய சவ்வு 'பயா மேட்டர்'. நடுவில் இருப்பது 'அரக்னொயிட்'. பரீட்சைக்காகப் பாடமாக்கும் இந்தப் பெயர்களில் 'மேட்டர்' என்பது இலத்தீனில் தாய். ஒன்று கடினமான தாய். மற்றது பக்தியுள்ள தாய். சவ்வுக்கு ஏன் இப்படி ஒரு பெயர்?

கிரேக்க மருத்துவர் கேலன் இவற்றைத் தடித்த சவ்வு, மெல்லிய சவ்வு என்றுதான் எழுதினார். தாய் வந்தது அரபியிலிருந்து. ஒன்றுக்கு மூலமாக இருப்பதையும் அதைத் தன்னுள் அடக்கிக் காப்பதையும் அரபியில் 'உம்மு' என்பார்கள். அல்குர்ஆனில் வரும் உம்முல் கிதாப், உம்முல் குரா நமக்குத் தெரிந்தவையே. அவ்வாறே மூளையின் உறை 'உம்முத் திமாஃக்'. இது வைத்தியர்களோடு மட்டும் நின்ற சொல்லல்ல. தலைக்காயம் இந்த உறைவரை சென்றால் பிக்ஹு நூல்கள் அதை 'மஃமூமா' என்கின்றன. அதற்குரிய நட்டஈடு முழுத் தியத்தில் மூன்றில் ஒன்று.

10ஆம் நூற்றாண்டுப் பாரசீக மருத்துவர் அலீ இப்னு அப்பாஸ் அல்மஜூஸி எழுதிய 'கிதாபுல் மலிகீ'யை, 1127இல் அந்தியோக்கியாவில் ஸ்டீவன் என்பவர் இலத்தீனுக்கு மாற்றினார். தடித்த தாய் 'டியூரா' ஆனாள். மெல்லிய என்பதற்கான அரபுச் சொல் 'ரகீக்'. அதற்கு இளகிய, மென்மையான என்ற பொருளும் உண்டு. அவர் போட்ட சொல்லோ 'பயா'. சவ்வின் தடிப்பைச் சொன்ன சொல் தாயின் குணத்தைச் சொல்லத் தொடங்கியது இப்படித்தான்.

எல்லாம் நம்மவர் கண்டுபிடிப்பு என்று மார்தட்ட இதில் இடமில்லை. சவ்வுகளைப் பற்றிக் கிரேக்கர் முன்பே எழுதிவிட்டார்கள். மெனிஞ்சைட்டிஸ் என்ற நோயின் பெயரில் இன்றும் இருப்பது அவர்களுடைய சொல்தான். ஆனால் அந்தத் தாய் அரபுத் தாய்.

நடுச் சவ்வுக்கு அந்தப் பேறு கிடைக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டில்தான் அதைத் தனியாகப் பிரித்தறிந்து, சிலந்திவலை போலிருப்பதால் கிரேக்கச் சொல்லால் பெயரிட்டார்கள்.

இன்றைய அரபு மருத்துவ நூல்களில் பயா மேட்டருக்குப் பெயர் 'அல்உம்முல் ஹனூன்', அதாவது பாசமுள்ள தாய். மெல்லிய தாயாக அரபியிலிருந்து புறப்பட்டவள், இலத்தீன் வழியாகப் பாசமுள்ளவளாகத் திரும்பி வந்திருக்கிறாள். டியூராவும் வைத்தியசாலையில் நம் காதில் விழும் சொல்தான்: பிரசவ வலியைக் குறைக்க முதுகில் ஏற்றும் 'எபிடியூரல்' என்பதன் பொருள், டியூராவுக்கு வெளியே.